அசலில் கழிக்கவும்

பிப்ரவரி. பகாவில் ரப்பர் மரங்கள்
சிவந்து முடித்து
வெறும் குச்சியாய் நிற்கின்றன.
பால்வெட்டு நின்றுபோச்சு.
வேலிக்கு அந்தப் பக்கம்
யாருக்கும் பாக்கி வைக்காத தோட்டம்
உதிர்க்கிற இலையெல்லாம்
எங்கள் கூரையில்.

கதிரேசன் ஏணியில்.
கீழே நான், ஏணியை இறுக்கிப் பிடித்தபடி,
வாளியைக் காலால் நகர்த்தி நகர்த்தி.
பீலித் தகரத்தில் இரண்டு அங்குலச் சருகு,
காய்ந்த பல்லி ஒன்று,
ஒரு பூப்பந்தாட்ட இறகு:
பக்கத்து வீட்டு காக் நோரைனியின் பையன்
போன வருடம் தேடித் தேடி அழுதது.

“ஆள் வெச்சா நூத்தம்பது வெள்ளி கேக்குறான்.”

நூற்றைம்பது வெள்ளி
எனக்கு நூற்றைம்பது வெள்ளியாகவே இருப்பதில்லை.
அசலில் போட்டால்
மீதிப் பதினாறு வருடத்தில்
இருநூற்று எண்பதை மிச்சம் பிடிக்கும்.
மீனை இப்படித்தான் பார்க்கிறேன்,
தீபாவளிச் சட்டையையும்.
வியாதிதான், தெரியும்.

அதோடு நிற்கவில்லை.
எண்ணூற்றைம்பது சதுர அடி வீடு.
பதினான்கு வருடம் கட்டி
அசலில் கழிந்தது முப்பத்திரண்டு சதவீதம்.
ஒரு ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு,
மகளின் பள்ளிக்கூடச் சாக்பீஸை எடுத்துப்
பின்வாசலில் ஆரம்பித்தேன்.
அடுப்படி எங்களுடையது.
குளியலறை எங்களுடையது, ஒழுகும் பைப்போடு.
பின்னறை மொத்தமும்.
பிறகு கோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து
என் நாற்காலியை இந்தப் பக்கமும்
அவர் நாற்காலியை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டது.
பதினான்கு வருடமாய் மனுஷன்
பேங்கில் உட்கார்ந்து சோறு தின்கிறார்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.
ஆனால் எனக்கு இன்னும் தெரிகிறது.

இப்போது அவர் ஏறி நிற்பதும் முன்பக்கம்,
சுத்தமாய் பேங்கின் கூரை.
சருகு அள்ளப் பேங்க் ஆள் அனுப்புமா?

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.
நான்கு நாளாய்ச் சொல்லவில்லை.
அதற்குப் பதில்
சாக்கடையைத் தேய்த்தேன்,
செராய்ப் புதரைக் கழித்தேன்,
கேட்டுக்கு இரண்டாவது பூச்சு அடித்தேன்.
பச்சை பெயிண்ட் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.

“இங்க பாருங்க,” என்றேன் ஏணியிடம்.
“மாசாமாசம் கூட இருநூறு கட்டுனோம்ல.
பதினாலு மாசம்.
அது அசல்ல கழியவே இல்ல.
முன்பணம்னு சும்மா ஒதுக்கி வெச்சிருக்கான்.
கடுதாசி குடுத்தாத்தான் கழிப்பானாம்.
கவுண்டர்ல அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது,
‘ஆன்ட்டி, ஃபாரம் இருக்கே.’”

மேலே கை நின்றது.
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
சனிக்கிழமை ஓவர்டைம், அவர் விட்ட சிகரெட்,
யாரிடமும் சொல்லாமல் நான் விற்ற காதுத்தோடு.
ஏணியில் நிற்பவன் கத்த முடியாது.
அதனால்தான் ஏணியில் வைத்துச் சொன்னேன்,
அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பிடி சருகு விழுந்தது.
வாளியில் இல்லை, என் தலையில்.
வேண்டுமென்றே போட்டதா, தெரியாது.

பிறகு கேட்டார்:
“கடுதாசி குடுத்தாச்சா?”
“குடுத்தாச்சு. ரசீது சக்கர டப்பாவுல.”

எறும்பு ஒன்று அவர் கணுக்காலில் ஏறியது.
தட்டிவிடக் கையில்லை எனக்கு,
ஏணியை விட முடியாது.

“எத்தன அடி?”

நான் கோடு போட்டது
இவருக்கு எப்படித் தெரியும்?
சரியாய்த் துடைக்கவில்லை போலிருக்கிறது.

“பதினஞ்சு சதுர அடி.”

மனசுக்குள் அளக்கிறார். உதடு அசைகிறது.
மேசை. அதைத் தாண்டி ஒரு கால். இன்னொரு கால்.
“அப்ப என் நாக்காலி?”
“வந்துருச்சு.”

ஒன்றும் சொல்லாமல்
அடுத்த முழத் தகரத்துக்குக் கை நீட்டினார்.
வாளி நிறைந்துவிட்டது.
காற்று வேலியைத் தாண்டி வருகிறது,
நாளைக்கும் இதே வேலைதான்.