கடை ஜன்னல் நோய்

நவம்பர் முழுக்க அந்த ஆள்
மாலை நாலேகாலுக்கு வந்து நின்றார்
என் கண்ணாடிக்கு முன்னால்.
ஊப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கியோடும் ஊரில்,
பெண்களின் உள்ளாடை விற்கிற கடை என்னுடையது.
எழுபது வயதிருக்கும். தொப்பி. சாம்பல் கோட்டு.
லேஸ் வைத்த மார்க்கச்சைகளை
மூன்று நிமிடம், சில நாள் நாலு,
இமைக்காமல் பார்ப்பார். போய்விடுவார்.

விற்பனைக்கு நிற்கும் யெல்டா சிரித்தாள்:
"உங்கள் அலங்காரத்துக்கு ஒரு ரசிகர்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பொம்மைகளுக்குக் கம்பளி இரவு அங்கி மாட்டினேன்,
கழுத்துவரை பொத்தான் போட்டு.
மறுநாளும் நின்றார்.
கம்பளிக்கும் அதே மூன்று நிமிடம்.

டிசம்பர் முதல் வாரம் பொறுமை போயிற்று.
கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்,
நாக்கில் நாலு வார்த்தை தயாராக.
கிட்டப் போனால்
அவர் கண் எதன் மேலும் இல்லை.
உதடு வெளுத்திருந்தது.
ஒரு கை ஜன்னல் விளிம்பில்,
மறு கை இடது கெண்டைக்காலைப்
பிழிந்துகொண்டிருந்தது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி.
"மன்னியுங்கள்," என்றார். "இதோ விட்டுவிடும்.
நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்.
பேருந்து நிறுத்தத்திலிருந்து
இருநூற்றுப் பத்தாவது அடியில் பிடிக்கும்.
அந்த அடியில் உங்கள் கடை இருக்கிறது.
அது என் தவறில்லை."

நாலு வார்த்தையையும் விழுங்கினேன்.
உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில்
ஒரு நாற்காலி போட்டேன்.

பெயர் எவால்ட் ப்ரோக்ஸீப்பர்.
முப்பத்தொரு வருடம் தொங்குரயில் ஓட்டியவர்.
தரையைத் தொடாமலே ஊரைக் கடந்தவர்.
"இப்போது ராத்திரியில் என் காலும் அப்படித்தான்.
கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் தூக்கம்."
வயதாகிவிட்டது என்று நினைத்தாராம்.
தினம் இரண்டு பாக்கெட் சிகரெட்டை
நினைக்கவே இல்லையாம்.

டாக்டரிடம் போனது யெல்டா திட்டியதால்.
திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து சொன்னார்:
"கையிலும் அழுத்தம் பார்த்தார்கள், கணுக்காலிலும் பார்த்தார்கள்.
கையில் பத்து என்றால்
காலில் ஆறுதான்.
பாதத்தில் ஜெல் தடவி
பேனா மாதிரி ஒன்றை வைத்தாள் நர்ஸ்.
வலது காலில் குதிரை ஓடுகிற சத்தம்.
இடது காலில்
பக்கத்து வீட்டில் யாரோ
மாடிப்படி துடைக்கிற சத்தம்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"இந்த நோய்க்கு நம் பாஷையில் ஒரு பெயர் இருக்கிறதாம்.
உங்களுக்குப் பிடிக்காது. கடை ஜன்னல் நோய்."
யெல்டா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த முறை நானும்.

கத்தி இப்போதைக்கு வேண்டாம் என்றார்களாம்.
சிகரெட்டை விடு.
கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாதிருக்க ஒன்று.
தினமும் பாதத்தைப் பார், விரலிடுக்கையும் பார்.
அப்புறம் நட.
வலிக்கும்வரை நட, வலித்தால் நில், விட்டதும் நட.
"நடந்தால் வலிக்கிறது என்று போனவனுக்கு
நடையையே மருந்தாகத் தருகிறார்கள்,
பசித்தவனுக்குப் பட்டினியை எழுதித் தருவதுபோல,"
என்று முணுமுணுத்தார்.
முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

ஜனவரிக் கடைசியில் என்னைத் தாண்டி
இறைச்சிக்கடை ஜன்னலில் நின்றார்.
மார்ச்சில் மருந்துக்கடை.
ஏப்ரலில் ஒரு வாரம் மறுபடி என்னிடம்.
கோட்டில் புகை நாற்றம்.
நாற்காலி தரவில்லை நான்.
ஜூனில் பாலம்வரை.

மனதில் ஒரு கேள்வி கிடந்தது. கேட்டுவிட்டேன்:
அத்தனை நாளில் என் ஜன்னலில் எது பிடித்தது?
"உங்கள் சரக்கு எதையும் பார்த்ததில்லை.
கண்ணாடியில் என் முகத்தைத்தான்,
சுளிக்கிறதா என்று."

இப்போது தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு
வேகம் குறையாமல் போகிறார்.
சந்தோஷம்தான்.
நாலேகாலுக்கு ஜன்னல் கொஞ்சம் காலியாக இருக்கிறது.

நேற்று ஒரு பெண்மணி, ஐம்பது இருக்கும்,
கையில் காய்கறிப் பை,
நான் எதுவுமே வைக்காத மூலை ஒன்றை
ரொம்ப நேரம் ரசித்துக்கொண்டிருந்தாள்.
கதவைத் திறந்தேன்.
"எந்தக் கால்?" என்றேன்.