செக்குபந்தி

பாலக்கோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஒரு மேசை, ஒரு பெஞ்சு, வேப்பமர நிழல் பாதி.
கெ. மாதம்மாள், பத்திர எழுத்தர்.
அடுத்த ஜெராக்ஸ் கடை என்னுடையது.

பகலில் அவர் எழுதும் கிரயங்களையும்
இரவில் எழுதும் நாவல்களையும்
நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
பக்கம் முப்பது ரூபாய், இரண்டுக்கும்.
குறைத்துக்கொள் என்று அவர் கேட்டதில்லை.
நானாகவும் குறைக்கவில்லை.

நாலு நாவலும் ஒரே மாதிரி தொடங்கும்:
வடக்கே சித்தப்பன் வீட்டுச் சந்து,
கிழக்கே ஓடைப் புறம்போக்கு,
தெற்கே தூர்ந்த கிணறு,
மேற்கே அவளை வேண்டாமென்ற வீடு,
இதற்குள் பட்ட ஒருத்தி.

சென்னையில் ஒருவர் இதை உத்தி என்று எழுதினார்.
வாசித்துக் காட்டினேன்.
'தொழில் புத்தி' என்றார், ஸ்டாம்ப் பேப்பரை எண்ணிக்கொண்டே.

பின்னட்டைக்குப் படம் கேட்டார்கள்.
பத்தொன்பது தடவை எடுத்தேன்.
எங்கள் போர்வெல் தண்ணீர்
எல்லார் பல்லிலும் பழுப்பாக எதையோ கிறுக்கியிருக்கிறது.
உதட்டைத் திறக்கவே இல்லை.
'சமரசமற்ற முகம்' என்று
அதற்கும் ஒரு கட்டுரை வந்தது.

முகூர்த்த மாதம் முடிந்தால் விடுதலைப் பத்திரங்கள்.
அக்காள் தங்கைகளை வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள்.
அண்ணன் பிரியாணி சொல்லியிருப்பான்.
'யாருடைய தூண்டுதலும் இன்றி
மனப்பூர்வமாக'
என்று எழுதி முடித்து நிமிர்வார்:
படிச்சுக் காட்டட்டா?
வேண்டாங்க்கா, வண்டி நிக்குது.

நாவலில் அதே பெண்கள்
பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு
மாரண்டஹள்ளி பஸ் ஏறிவிடுவார்கள்.
நான் தட்டிய பத்திரங்களில்
கையெழுத்துப் போடாத ஒருத்தியும் இல்லை.

போன தை மாதம் அவருடைய தம்பி வந்தான்.
பைபாஸை ஒட்டி அறுபது சென்ட், பதினோரு மாமரம்.
'நீயே எழுதிடு, எழுத்துக்கூலி மிச்சம்.'

எழுதினார்.
கெம்பன் மகள் மாதம்மாள் ஆகிய நான்.
நாலு நாவலிலும் ஓரிடத்தில்கூட
அந்தச் சொல்லை நான் தட்டியதில்லை.
பிரதிபிரயோஜனம் ரூபாய் ஐயாயிரம்.
நகலை வாங்கி, தனக்குத்தானே
முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார்.
தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
'மனப்பூர்வத்துல ஒரு ப் விட்டுப்போச்சு' என்றார் என்னிடம்.
சேர்த்தேன்.
போட்டார்.

ஐந்தாவது நாவல் இப்போது என் மேசையில்.
எல்லைகள் இல்லை. தொடக்கமே பதிவறை.
ஒருத்தி கையெழுத்துப் போடுகிறாள், முதல்முறையாக.
பேனாவை வாங்குவதற்கே நாற்பது பக்கம்.
மூடியைத் திருகும்போது
அம்மா செத்த வருஷம் ஒன்று, பெயர் வைக்காத பிள்ளை ஒன்று,
அறுத்த மாங்காயின் பால் பட்டு வெந்த தோள்.
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்.
இன்னும் முனை தாளைத் தொடவில்லை.

வெளியே மண்டியில் ஏலம் ஆரம்பித்தாயிற்று.
தக்காளி பெட்டி எண்பதாம்.
நான் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன்.