பால் பலகையின் வலது பாதி

பால் சொசைட்டிக் கரும்பலகையில்
இடது பாதி என் வேலை.
கொழுப்பு நான்கு புள்ளி ஒன்று,
லிட்டர் முப்பத்தெட்டு,
பட்டுவாடா வெள்ளிக்கிழமை.
வலது பாதியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.
சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

ஊராட்சி ஆபீஸ் வாசலிலும் ஒட்டுகிறார்கள்தான்,
கம்பி வலைக்குப் பின்னால், பூட்டுப் போட்டு,
வெயில் தின்று மஞ்சளான தாள்களை.
‘இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்’ என்று தொடங்கினால்
மூன்றாம் வரிக்குள் மாடு வீட்டுக்கு நடந்துவிடும்.
ஆளும் பின்னாலேயே.

தண்ணீர் கலந்த பாலில்
லாக்டோமீட்டர் சட்டென்று இறங்கும்.
அந்தத் தாள்களில் விட்டால் அடியில் போய் முட்டும்.
நான் சுண்டக் காய்ச்சி எழுதுவேன்:

புதன் கரண்ட் இல்லை, ஒன்பது முதல் இரண்டு.
மாவு இன்றைக்கே அரைக்கவும்.
கோமாரி ஊசி சனிக்கிழமை மந்தையில், கன்றுகளுக்கும்.
உதவித்தொகை நின்றவர்கள்
ஆதாரோடு தாசில்தார் முகாமுக்கு, பன்னிரண்டாம் தேதி.

அழகுமீனாள் வாய்விட்டுப் படிப்பாள்,
எழுத்துத் தெரியாத ஆறு பேருக்கும் சேர்த்து.
காளியப்பன் பலகையைப் பார்க்கமாட்டான்.
என் முகத்தைப் பார்த்து, “என்ன, பணமா ஊசியா?” என்பான்.

எதிரே எண்பது சன்னல் வீடு.
வருஷத்தில் பத்து நாள் திறக்கும் கதவு.
பினாங்கிலிருந்து படைப்புக்கு வந்த சாத்தப்பன்
காரை நிறுத்தி இறங்கி
ஊசி வரைக்கும் ஒன்று விடாமல் படித்தார்.
“எங்க வீட்டு வரி பாக்கியும் இதுல வருமோ?”
“வந்தா எழுதுவேன்.”
மறுநாள் ரசீதைக் காட்டிவிட்டுப் போனார்,
கேட்காமலேயே.

சித்திரையில் எழுதினேன்:
ஊரணி தூர்வார ஒதுக்கியது ரூ. 8,40,000.
வேலை முடிந்ததாகக் கணக்கு.
மே ஒன்று, காலை பதினொன்று, கிராம சபை.

விடிந்தபோது
தொகையை மட்டும் ஒரு ஈரத்துணி துடைத்திருந்தது.
கரண்ட் அப்படியே, ஊசி அப்படியே.
அவசரப்படாத கை.
பக்கத்து எழுத்தின் கொம்புகூடக் கலையவில்லை.

மறுபடி எழுதினேன்.
மறுபடி ஈரம்.
ஐந்து நாள்.

கேனை வாங்கும்போதெல்லாம்
ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன், வெள்ளைத் தூள் இருக்கிறதா என்று.
பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.
தூள் இருந்தது என் விரலில்தான்.

ஊரணியைத் தாண்டித்தான் எல்லோரும் வருகிறார்கள்.
ஐந்தாம் படிவரை சேறு, அதற்கு மேல் கோரை.
எட்டு லட்சம் இறங்கியிருந்தால்
ஒரு கால்தடமாவது இருக்கும்.
இதை நான் எழுதவில்லை.
கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் நான் சொல்லலாம்,
பாலைக் கொட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆறாம் நாள் காய்ச்சல்.
இரண்டு நாள் எழவில்லை.
செயலாளர் செல்வரத்தினம் பால் அளந்தாராம்.
அவர் இடது பாதியோடு நிறுத்திக்கொள்கிற மனிதர்.

மூன்றாம் நாள் நாலரை மணி, டார்ச் வெளிச்சம்.
வலது பாதியில் வேறு கை.
பள்ளிக்கூடத்தோடு சாக்பீஸை விட்டுவிட்ட கை,
மேட்டிலிருந்து உருண்டதுபோல் வலப்பக்கம் சரிந்த எழுத்து:

ஊரனி 840000

கமா இல்லை, ரூபாய் இல்லை.
மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி குறைகிறது.
சுன்னம் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதற்குக் கீழே இன்னும் சின்னதாக:
பாய் கொண்டாரவும், பெஞ்சு பத்தாது.

சுழியைப் போட சாக்பீஸை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

தெருமுனையில் முதல் கேன் சத்தம்.
என் பாதியைத் துடைத்து எழுதினேன்:
கொழுப்பு மூன்று புள்ளி ஒன்பது.
நாளை மே ஒன்று.
சொசைட்டி உண்டு, காலை அரை மணி முன்னதாக.