படியில் நின்ற நேரம்

"எத்ர மணிக்கூர் ஆகும்?" என்றார் ஜோஸ்குட்டி,
புனலூரிலிருந்து.
நாற்பது, என்றேன். வாயில் வந்த எண்.
அஞ்சலில் கட்டப்போகிற மாடி வீட்டுக்கு
வரைபடம் போடும் நேரம்.
கணக்கு காட்டணும், என்றார்.
அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னார்.

இந்தப் பக்கம் மணி நேரம், அந்தப் பக்கம் மணிக்கூர்.
கூறு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் போல.
எனக்கென்னவோ அன்று
கூராகத்தான் பட்டது.

ராத்திரியே தேட ஆரம்பித்தேன்,
தனியாள் தொழிலுக்கு நேரம் குறிக்கும் மென்பொருள்.
புளியரையில் என் வீட்டுக் கிழக்கு ஜன்னலில்
போன் தமிழ்நாட்டில் இருக்கும்.
மேற்கே நாலடி வைத்தால்
கேரளம் அன்புடன் வரவேற்கும்.
இறக்கிக்கொள்ள மேற்கு ஜன்னல்தான் தோது.

முதலாவது
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரையைப் படம்பிடித்து
முதலாளிக்கு அனுப்பியது.
முதலாளி நான்தான்.
மாலையில் உட்கார்ந்து என்னை நானே வேவு பார்த்தேன்.
மூன்று பத்துக்குச் சமையலறை அளவுகள்.
மூன்று இருபதுக்கு அதே அளவுகள்.
மூன்று முப்பதுக்கு
பிரஷர் குக்கர் தள்ளுபடி விற்பனை.
வேலையைவிட்டு நீக்கலாமா என்று யோசித்து
ஓர் எச்சரிக்கையோடு விட்டேன்.

இரண்டாவது என் பெயரை இரண்டாய் வெட்டி
"வருக, செய்யதலி" என்றது.
பாத்திமா அதற்குத் தேவைப்படவில்லை.
குழுவில் எத்தனை பேர்?
ஒன்று.
யாரையாவது அழையுங்கள்.
பிறகு, என்று ஒரு பொத்தான் இருந்தது.
பிறகு, பிறகு என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
தினமும் காலையில் கேட்டது,
கல்யாண வீடுகளில் கேட்கிற அதே இளிப்போடு.

மூன்றாவது சும்மா ஒரு பொத்தான்.
அமுக்கினால் ஓடும், அமுக்கினால் நிற்கும். அழகு.
நிறுத்த மறந்து தூங்கிவிட்டேன்.
கோட்டைவாசல் ஏற்றத்தில் காய்கறி லாரிகள்
முதல் கியரில் முனகிக்கொண்டு போன ராத்திரி முழுக்க
அதுவும் ஓடியிருக்கிறது.
விடிந்து பார்த்தால்
ஒரு கழிவறைக்குப் பதினோரு மணி நேரம்.

நாலாவது சந்தா. மாதம் முந்நூற்றுச் சொச்சம்.
கை அசையாவிட்டால் கண்டுபிடித்துவிடும்.
சாரல் அடித்த ஒரு மதியம்
எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன், கேட்டது:
பன்னிரண்டு நிமிடம் சும்மா இருந்தீர்கள்,
கழித்துவிடவா?

சும்மா.

அஞ்சல் வீட்டு மாடிப்படியில்
ஒன்பதாம் படிக்கு மேல் தலை இடிக்கும் என்று
காலையிலிருந்து ஒரு சந்தேகம்.
போய் எங்கள் வீட்டுப் படியில் நின்றேன்,
ஒன்பதாவதில்.
ஆறடி ஆளாக என்னை நினைத்துக்கொண்டு
இல்லாத அரிசி மூட்டையைத் தலையில் வைத்து ஏறினேன்.
இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி இறங்கினேன்.
கீழ்வீட்டு நூர்ஜஹான்
ஈரத் துணி வாளியோடு வந்து பார்த்துவிட்டு
"ஏறப்போறியா இறங்கப்போறியா,
ஒரு முடிவுக்கு வா" என்றாள்.
அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கித் திரும்பியபோதுதான்
படியைத் திருப்பிப் போட்டால் சரி என்று புலப்பட்டது.
இனி அந்த வீட்டில் யார் தலையும் இடிக்காது.
அந்த மாதம் முழுக்க நான் செய்த வேலை அதுதான்.
மற்றதெல்லாம் கோடு.

வேண்டாம், கழிக்காதே, என்று அமுக்கினேன்.
காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது.
சின்னக் கட்டம்.
"படியில் நின்றேன்" என்று எழுதினேன்.

அதையே வைத்துக்கொண்டேன்.
நல்லது என்பதால் இல்லை.
கழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கிறது.

மாத முடிவில் பில் போனது.
மொத்தம் முப்பத்தொன்றே கால்.
நாற்பது என்று வாய் சொன்னதில்
எட்டே முக்கால் எங்கே ஒளிந்திருந்தது என்று
எனக்கே இன்னும் தெரியவில்லை.
ஜோஸ்குட்டி வரி வரியாகப் படித்திருக்கிறார்.
சமையலறையைக் கேட்கவில்லை, கழிவறையைக் கேட்கவில்லை.
இரவு பத்தரைக்கு, மேற்கு ஜன்னலில்,
ஒரே ஒரு செய்தி:

"ஏது படி?"