மூன்று பிக்சல்

வண்ணார்பேட்டை மாடியில் ஸ்கேன் வேலை,
பக்கத்துக்கு அறுபது பைசா.
தூசியும் ஈயெச்சமும் கறுப்புப் புள்ளியாய் விழும்.
மூன்று பிக்சலுக்குக் குறைந்ததை அழி என்றேன் மென்பொருளிடம்.
அழித்தது.
பத்திரம் வெள்ளைவெளேர்.

பிறகுதான் பார்த்தேன்:
தென்கரை தெனகரை,
நெல் நெல,
மெய்யெழுத்தெல்லாம் மொட்டைத் தலை.
இரண்டாகக் குறைத்தேன். புள்ளிகள் திரும்பி வந்தன.

நாற்பத்தோராம் பக்கத்தில்
‘இசக்கியம்மாள் கைநாட்டு’ என்றிருந்தது,
மேலே ஒன்றுமில்லை.
அசலை டியூப்லைட்டில் பிடித்தேன்.
மை காய்ந்த பெருவிரல்,
ரேகையெல்லாம் பொடிப்பொடி.
ஒன்றுகூட இரண்டு பிக்சல் தேறாது.

அந்தப் பக்கத்துக்கு மட்டும்
வடிகட்டியை அணைத்தேன்.
வந்தாள் இசக்கியம்மாள்,
கூடவே ஈயும்.

“இதுல விரலு எது, ஈ போட்டது எதுவே?”
என்றார் சூப்பர்வைசர்.
“தெரியல அண்ணாச்சி,
ரெண்டும் கெடக்கட்டும்.”