ஒற்றையா இரட்டையா

எட்டு மணி.
எந்த எட்டு என்று ஜன்னலைக் கேட்டுப் பயனில்லை.
வார்டோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் தலைகாட்டும்.
காலை எட்டும் கறுப்பு, இரவு எட்டும் கறுப்பு.
நடுவில் மதியம் என்ற பெயரில்
கொஞ்சம் நீலம் கசியும், அவ்வளவுதான்.

நண்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து
பூட்ஸோடு சோபாவில் விழுந்தது நினைவிருக்கிறது.
இடையில் ஒருமுறை எழுந்ததும்கூட.
கழுவுதொட்டி ஓரத்தில் ஒரு தம்ளர்,
அடியில் ஒரு வாய்த் தண்ணீர்.
குடித்தது நான்தான், இந்த வீட்டில் வேறு யார்?
மாத்திரையோடு குடித்தேனா,
தாகத்துக்குக் குடித்தேனா?

ரேடியோவில் இரவுச் செய்தி.
சரி, பாதிக் கேள்வி தீர்ந்தது.

தங்கை பெர்கனிலிருந்து ஒரு டப்பா அனுப்பியிருந்தாள்.
ஏழு நாள், பதினான்கு அறை,
காலைக்குச் சூரியப் படம், இரவுக்குப் பிறை.
இந்த ஊருக்குச் சூரியப் படமா!
சிரித்துவிட்டு அதில் பித்தான்களைப் போட்டுவைத்தேன்.
இன்று அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு காரியம் என் நினைவில் நிற்பதே இல்லை.

ஒன்று, வலிப்பு.
முதலில் வந்தது படகில்.
வலையை இழுத்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த கணம்
வானம் முழுக்க ஆர்ன்ஃபின்னின் முகம்.
நடுவில் நடந்தது பிறர் சொல்லித்தான் தெரியும்:
அவன் தன் மழைக்கோட்டைச் சுருட்டி
என் தலைக்கடியில் தள்ளியதும்,
வாய்க்குள் கரண்டி வைக்க வந்தவன் கையைத் தட்டிவிட்டதும்,
கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல் இருந்ததும்,
அடங்கிய பின் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்ததும்.
இரண்டு நிமிஷம் பத்து நொடி என்றான்.
என் ஆயுளில் எனக்குச் சொந்தமில்லாத
இரண்டு நிமிஷம் பத்து நொடி.

மற்றொன்று,
அதைத் தடுக்கிற மாத்திரையை விழுங்குவது.
ஆறு வருஷம், நாளுக்கு இரண்டு,
ஒன்றுகூட முகம் காட்டிப் போகவில்லை.
நினைவிருப்பதெல்லாம் விழுங்காத நாட்கள்தான்.
மூன்றாம் கோடை, சூரியன் இறங்க மறுத்த வாரங்கள்,
தூங்காமலே தெம்பாக இருந்தது.
எனக்கென்ன, குணமாகிவிட்டது என்று
யாரையும் கேட்காமல் நிறுத்தினேன்.
ஐந்தாம் நாள் துறைமுகப் படிக்கட்டில்
கடித்த நாக்கின் இரும்பு ருசி.
அதன்பின் வெகுநாள் கார் சாவி
ஆணியில் சும்மா தொங்கியது.

மருந்துக்கடை பெரிட் திட்டவில்லை.
"நிறுத்துவதென்றால் டாக்டரோடு சேர்ந்து
ஏணிப் படியாய் இறங்கு, குதிக்காதே.
மறந்துபோனால் ஒன்றுக்கு இரண்டாய் விழுங்காதே.
சந்தேகமென்றால் என்னைக் கூப்பிடு."
கடை மூடியிருந்தால்?
"கூப்பிடு. அதற்கு முன்னால் அட்டையை எண்ணு."

புது அட்டையைக் காலையில்தான் பிரிப்பேன்,
அது ஒரு பிடிவாதம்.
அதனால் கணக்கு சுலபம்:
இரவு மாத்திரை உள்ளே போயிருந்தால் மிச்சம் இரட்டை,
போகவில்லையென்றால் ஒற்றை.
பள்ளிக்கூடத்தில் கூழாங்கற்களைக் கைக்குள் மூடிக்கொண்டு
கேட்போமே, அதேதான்.
இப்போது மூடிய கையும் என்னுடையது,
பதில் சொல்ல வேண்டியவளும் நானே.

முழுசாக ஓர் அட்டை, பத்து.
இன்னொன்றில் நகத்தால் தடவித் தடவி
நான்கு, ஐந்து, ஆறு,

ஏழு.

மறுபடியும் எண்ணினேன். ஏழுதான்.
தம்ளரில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டுப்
புதுத் தண்ணீர் பிடித்தேன்.
அலுமினியத் தாள் கிழிகிற அந்தச் சின்னச் சத்தத்தை
இந்த ஒருமுறையாவது நினைவில் வைக்கலாமென்று
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
நாளைக்கு மறந்துவிடும், தெரியும்.

மீதி பதினாறு. எட்டு நாளைக்கு வரும்.
சூரியன் திரும்ப இன்னும் பதினொரு நாள்,
அன்று கோட்டையில் பீரங்கி முழங்கும், பிள்ளைகளுக்கு லீவு.
அந்த மூன்று நாளைக் கடன் சொல்ல முடியாது.
நாளை வேலைக்குப் போகிற வழியில் பெரிட்டைப் பார்க்க வேண்டும்.

டப்பாவைக் கவிழ்த்தேன்.
பித்தான்கள் மேஜையெங்கும் உருண்டோடின.
எண்ணவில்லை.