நுகர்வோர் என்பவர்

எங்கள் முறை வரும்போது மணி இரண்டேகால்.
மஞ்சக்குப்பத்து ஆணையத்தில்
மின்விசிறி எட்டாத பெஞ்சில்
சோனங்குப்பம் பூவராகன்
தன் படகு எஞ்சினை மடியில் வைத்திருந்தார்.
முழு எஞ்சின் அல்ல. வெடித்த பிஸ்டன் மட்டும்,
துண்டில் முடிந்து,
நேர்ந்துகொண்ட காணிக்கை போல.

ரசீது இருந்தது.
இல்லாவிட்டால் அழைத்து வந்திருக்கமாட்டேன்.
"ரசீது வாங்குனீங்களா?"
இந்த ஒரு கேள்விக்குத்தான்
இருபத்தேழு வருடம் எனக்குச் சம்பளம்.
காலாப்பட்டு வகுப்பில், கிருமாம்பாக்கம் டீக்கடையில்,
பெண்ணையாற்றுப் பாலத்தில் பழுதாகி நின்ற பேருந்தில்,
ஒருமுறை சாவு வீட்டில்கூடக் கேட்டேன்,
ஐஸ் பெட்டிக்காரர்
ஒரு நாள் வாடகையைக் கூட்டிச் சொன்னபோது.
(என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ரசீது இல்லை.
போன ஆடியிலிருந்து அது குளிர்வதில்லை.
வெளியே சொல்லவேண்டாம்.)

ஷாகிதா எழுந்தாள். நான்காம் ஆண்டு.
கறுப்பு அங்கி இல்லை, அதிகாரக் கடிதம் மட்டும்.
எதிரே மெய்யழகன்,
எங்கள் சட்ட உதவி மையத்துப் பழைய மாணவன்.
நான் சொல்லிக்கொடுத்த ஆட்சேபணையை
என் குரலின் ஏற்ற இறக்கத்தோடே எழுப்பினான்:
மனுதாரர் மீன் பிடித்து விற்பவர்,
எஞ்சின் வாங்கியது வணிக நோக்கத்துக்கு,
எனவே அவர் சட்டப்படி நுகர்வோரே அல்ல.

பூவராகன் என் பக்கம் சாய்ந்தார்.
"நுகர்வோர்னா யாரு, மேடம்?"

சட்டத்தில் அதற்கு நீளமான விளக்கம் உண்டு,
விலக்கு உண்டு, விலக்குக்கு விலக்கு உண்டு.
வயிற்றுப்பாட்டுக்குத் தானே உழைப்பவன் உள்ளே வருவான்.
ஷாகிதா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், சரியாகவே.
எனக்கோ அகராதி ஞாபகம் வந்தது.
நுகர்தல்: துய்த்தல், அனுபவித்தல்.
அப்புறம், முகர்தல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்
சிப்காட்டை ஒட்டிய தெருக்களுக்கு
கருவி எதுவும் தராமல்
மூக்கை மட்டும் நம்பி மாணவர்களை அனுப்பினேன்.
நோட்டுகள் நிறைந்தன.
இரவு 11.40, அழுகிய முட்டை.
2.15, நகப்பூச்சு.
4.05, பெயர் தெரியவில்லை. குழந்தை இருமுகிறது.
பொதுநல மனுவோடு கட்டிக்கொடுத்தோம்.
நீதிபதி பொறுமையாகத்தான் படித்தார்.
"நாற்றத்துக்கு என்ன அலகு, புரொபசர்?"

கிலோ இல்லை. லிட்டர் இல்லை.
டெசிபலும் இல்லை.
மனு தள்ளுபடி. செலவுத்தொகை விதிக்கவில்லை.
அந்தக் கருணையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பூவராகன் ஜெயித்தார், ஒன்பது சதவீத வட்டியோடு.
மெய்யழகன் சென்னைக்கு மேல்முறையீடு போனான்.
நானாக இருந்தாலும் போயிருப்பேன்.
இது ஆறாவது வாய்தா.
பிஸ்டன் கோப்பறையில் இருக்கிறது,
பூவராகன் வேறொருவர் படகில், பங்குக்கு.

நான் ஓய்வுபெற்று நான்கு மாதம்.
முதுநகர் வீட்டில் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறேன்.
நள்ளிரவு தாண்டித் தெற்கிலிருந்து காற்று வரும்.
தென்றல் என்றுதான் அதற்குப் பெயர்.
இன்று தொண்டை கரகரத்து விழிப்பு வந்தது.
விளக்கைப் போட்டு
பழைய நோட்டில்
எழுதாத பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

3.20. கருகிய பூண்டு, அதற்கு அடியில் வேறு ஏதோ.
அலகு:
நுகர்ந்தவர்: ச. செண்பகவடிவு.